சொல்லக் கூசும் ஒரு துன்பம்

இப்பொருளைப் பற்றி ஒரு பங்குக்குரு எழுதலாமா என்று வாசகருள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அவர்களிடம் முதலிலேயே பொறுமை வேண்டிக்கொள்கிறோம். குடும்பத்தைப் பற்றி ஆண்டு முழுவதும் பிரசங்கிக்கும் நாம், அக்குடும்பத்தின் தாய் தன் பேறுகாலத்தில் படும் ஒரு துன்பத்தைப் பற்றி மட்டும் வாய் திறவாதிருப்பது நேர்மையாகாது என்று எண்ணியே எழுதத் துணிந்தோம். எழுதியதை, மகப்பேற்றுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய கன்னியர் ஒருவரிடம் காட்டி, அவர் திருத்திக் கொடுத்த பின்னரே அச்சுக்கு அனுப்புகிறோம். சில இடங்களில் அவர் சிவப்பு மையால் பலமாகவே கோடிட்டிருந்தார்.

பொருள் இதுதான்: கருவுற்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் உண்டாகும் பூஞ்சைத் தொற்று. நம் வீடுகளில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. 'வெள்ளைப்படுதல்' என்னும் ஒரே சொல்லுக்குள் இதையும் இன்னும் நாலைந்து வெவ்வேறு நிலைகளையும் போட்டு மூடிவிடுகிறோம். தொல்லை பெருகுவது பெரும்பாலும் அந்த மூடியினால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, இராயபுரத்தில், இளைஞன் ஒருவன் பங்கு அலுவலக வாயிலில் வந்து நின்றான். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட செய்தியன்று இது. அப்படியாயின் இங்கே ஓர் எழுத்தும் வந்திராது. கணவன், மனைவி இருவரும் பிறருக்கு உதவுமாயின் எழுதுங்கள் என்று பின்னர் இசைவு தந்தனர். மணமாகி ஓராண்டே ஆகியிருந்தது. மனைவிக்கு ஆறாம் மாதம். உள்ளே வரச் சொன்னோம். நாற்காலியின் நுனியில் அமர்ந்தவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "ஃபாதர், நான் எந்தத் தப்புத்தண்டாவுக்கும் போனதில்லை. அப்புறம் எப்படி அவளுக்கு இந்த மாதிரி ஒரு நோய் வரும்?" என்றான். கேள்வியின் மறுபாதியை அவன் சொல்லவில்லை. சொல்லாமலே அது அறையில் நின்றது.

மறுநாள் மேற்சொன்ன கன்னியரை அவர்கள் வீட்டிற்கு அனுப்பினோம். அப்போதுதான் முழுக்கதையும் வெளிவந்தது. அப்பெண் மூன்று வாரங்களாக நமைச்சலாலும் எரிச்சலாலும் உறங்கவில்லை. கட்டித்தயிரைப் பிசைந்தாற்போல் வெள்ளை கண்டிருந்தது. மாமியார், "உடம்புச் சூடு" என்று இளநீரும் ஊறிய வெந்தயமும் கொடுத்தார். அடுத்த வீட்டு மூதாட்டி, எலும்பு உருகித்தான் இப்படிப் போகிறது என்று சொல்லிப் பயமுறுத்தினார். கணவன் தன் படர்தாமரைக்கு வாங்கி வைத்திருந்த களிம்புக் குழாய் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் பூசினாள். நான்கு நாள் சுகம் தெரிந்தது. ஐந்தாம் நாள் முன்னிலும் கொடிதாயிற்று. கிருமிநாசினி கலந்த வெந்நீரால் கழுவினாள், தோல் வெந்தது. கடைசியில் கணவன் மருந்துக்கடைக்குப் போய், வெள்ளைப்படுதலுக்கு மருந்து என்று கேட்டு, மூன்று வகை மாத்திரைகளை ஒரே அட்டையில் அடைத்த கட்டு ஒன்றை வாங்கி வந்தான். கருவுற்றவளா என்று கடைக்காரர் கேட்கவில்லை. வாங்கப் போனவனும் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் ஏனோ அதை விழுங்க மனம் வரவில்லை. வேளாங்கண்ணி மாதா படத்தின் பின்னால் செருகி வைத்திருந்தாள். கன்னியர் அதை வெளியே இழுத்துப் படித்துவிட்டு, தம் பைக்குள் போட்டுக்கொண்டாராம்.

அந்த மாத்திரைக் கட்டைப் பற்றிப் பின்னர் கூறுவோம். முதலில் நோயைப் பார்ப்போம்.

கள் ஊற்றிய மாவு

இத்தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் நுண்ணுயிரின் பெயர் 'கேண்டிடா அல்பிகன்ஸ்'. குருமடத்தில் பயின்ற அரைகுறை இலத்தீன் இவ்விடத்தில் சற்றே கைகொடுக்கிறது. 'கேண்டிடா' என்றால் வெண்மையானது. 'அல்பிகன்ஸ்' என்றால் வெண்மையாகிக்கொண்டிருப்பது. பெயர் சூட்டியவர்கள் ஒரே செய்தியை இருமுறை சொல்லிவைத்தார்கள். இது ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்தது. அப்பத்து மாவில் சிறிது கள் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் மாவைப் பொங்கி நிற்கச் செய்வதும், ரொட்டிக்கடையில் மாவை உப்பச் செய்வதும் ஈஸ்ட்டே. கேண்டிடா அவற்றின் தூரத்து உறவினன். (அப்பம் தின்றால் இந்நோய் வரும் என்று எவரும் புதிதாக ஒரு பத்தியத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டா. அப்படி ஒரு தொடர்பும் இல்லை.)

இவ்வுயிர் வெளியிலிருந்து படையெடுத்து வரும் பகைவனன்று. உடல்நலமுள்ள மனிதரின் வாயிலும் குடலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும் சிறிய அளவில் குடியிருப்பதுதான். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்த வேறு சில உயிர்கள் அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்து, இதைப் பெருகவிடாமல் காத்துவருகின்றன. வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகும் பெண்கள் நான்கில் மூவர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆகவே ஒருத்திக்கு இது வந்தது என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கருவுற்ற காலத்தில் ஏன் மிகுதி? மாவு பொங்க எவை வேண்டும் என்று நம் தாய்மாரைக் கேட்டால் சொல்லுவர்: கதகதப்பு, ஈரம், சிறிது இனிப்பு. கருவுற்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பன்மடங்கு உயர்கிறது. அதன் விளைவாகப் பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து மிகுதியாகச் சேர்கிறது. வெள்ளை நீரும் இயல்பாகவே பெருகுகிறது. கதகதப்புக்கும் குறைவில்லை. மேலும் வயிற்றிலிருக்கும் சிசுவை அந்நியமென்று ஒதுக்கிவிடாதிருக்கும்பொருட்டுத் தாயின் எதிர்ப்பாற்றல் சற்றே இசைந்துகொடுக்கிறது. இத்தனை வசதியும் ஒருங்கே அமைந்தால் ஈஸ்ட் பொங்காமல் என்ன செய்யும்? குழந்தையை வளர்ப்பதற்கென்று இறைவன் அமைத்த ஏற்பாடுகளின் ஓரத்தில் ஒதுங்கிக் குடியேறும் ஒரு களை இது, அவ்வளவே. தாயின் ஒழுக்கத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை; கணவனின் ஒழுக்கத்திற்கும் இல்லை.

இதை அந்த இளைஞனிடம் சொன்னபோது அவன் முகத்தில் ஏற்பட்ட மாறுதலை நாம் மறக்கவில்லை. உடலுறவால் பரவும் நோய்களின் வரிசையில் மருத்துவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. திருமணமாகாத பெண்ணுக்கும் வரும். துறவறக் கன்னியர்க்கும் வரும். மனைவிக்கு வந்துவிட்டால் கணவனும் மருந்துண்ண வேண்டும் என்ற விதி கிடையாது. அவனுக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளலாம். மருந்திட்டுப் புண் ஆறும்வரை இருவரும் விலகியிருப்பது அவள் வலியை முன்னிட்டே. அதைக் கணவன் தானாகவே சொல்லிவிட்டால், அவள் கேட்டுத் தலைகுனிய வேண்டியதில்லை.

கூச்சத்தின் வரலாறு

இக்கூச்சம் நம் குடிசைகளுக்கும் தெருக்களுக்கும் மட்டும் உரியதன்று. நேர்மையாகச் சொன்னால், திருச்சபையும் நெடுநாள் இதில் சிக்கிக் கிடந்தது. பொது வார்த்தைப்பாடு கொடுத்த துறவறக் கன்னியர் மருத்துவராகத் தொழில் செய்வதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் தகாதென்பது பழைய சட்டம். அதன் விலையைச் செலுத்தியவர்கள் நம் நாட்டுப் பெண்கள். இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில், கோஷாவுக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் தங்களைக் காட்ட மறுத்து உள்ளேயே மாய்ந்துகொண்டிருந்தனர். ஸ்காட்லாந்து நாட்டவரான டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார், முதிர்ந்த வயதில், இச்சட்டத்தைத் தளர்த்துமாறு வேண்டி உரோமைக்கு மீண்டும் மீண்டும் சென்றார். 1913-இல் அவர் இறக்கும்வரை கதவு திறக்கவில்லை. அவர் மூட்டிய ஆர்வத்தால் மருத்துவம் பயின்று இராவல்பிண்டிக்கு வந்த ஆஸ்திரிய நங்கை அன்னா டெங்கல், 1925-இல் மருத்துவ மறைபணிச் சகோதரியர் சபையைத் தொடங்கியபோதும், முழுத் துறவியராக அவர்கள் ஏற்கப்படவில்லை. 1936 பெப்ருவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமையிலிருந்து வெளிவந்த அறிவுரை மடலே மகப்பேற்று மருத்துவத்தைத் துறவறக் கன்னியர்க்குத் திறந்துவிட்டது. அதற்கு முன்பே, ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூருக்கு வந்த டாக்டர் மேரி குளோரி, கன்னியாகவே மருத்துவம் செய்யத் திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றிருந்தார் என்பது வேறு கதை.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம்? நூறாண்டுக்கு முன்பு பெண் மருத்துவரில்லை; அதனால் பெண்கள் மறைத்தனர். இன்றோ நம் இராயபுரத்திலேயே, ஆர்.எஸ்.ஆர்.எம். என்று ஆட்டோ ஓட்டுநர் முதல் அனைவரும் அறிந்த இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. வடசென்னையில் எத்தனையோ தலைமுறைகள் பிறந்த இடம். தெருவுக்கு அருகிலேயே மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் பெண் மருத்துவர்களும் செவிலியரும் இருக்கின்றனர். மாதந்தோறும் நம் பெண்கள் சென்று எடை பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வருகின்றனர். "வேறு ஏதாவது தொந்தரவு உண்டாம்மா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வருகின்றனர்! மாமியாரோ, கணவனோ, வரிசையில் நிற்கும் பத்துப் பேரோ காதில் கேட்டுவிடுவார்களே என்ற அச்சம். அப்படியாயின் நாம் ஒரு வழி சொல்லுகிறோம். ஒரு துண்டுத் தாளில், 'வெள்ளைப்படுகிறது, அரிக்கிறது' என்று எழுதி, தாய் சேய் அட்டைக்குள் வைத்து நீட்டிவிடுங்கள். மருத்துவர் படித்துக்கொள்வார்.

எல்லா வெள்ளையும் ஒன்றன்று

கன்னியர் சிவப்பு மையால் அதிகம் எழுதியது இப்பகுதியில்தான். கருவுற்ற காலத்தில் மெல்லிய, பால் போன்ற, நாற்றமும் அரிப்பும் இல்லாத வெள்ளை நீர் பெருகுவது இயற்கை. அதற்கு மருந்தே வேண்டா. எலும்பு உருகுவதென்பது வீண்பேச்சு. பூஞ்சைத் தொற்றாயின் அரிப்பு முன்னிற்கும். தோல் சிவந்து தடிக்கும். வெள்ளை, தயிர்க்கட்டி போலத் திரண்டிருக்கும். நாற்றம் அநேகமாக இராது. சிறுநீர் பட்டால் எரியும். ஆனால் மீன் வாடை வீசும் சாம்பல் நிற நீரும், நுரையோடு மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும் நீரும் முற்றிலும் வேறு நோய்களின் அடையாளம். அவற்றின் மருந்து வேறு. அவற்றுள் சில குறைப்பிரசவத்தோடு தொடர்புள்ளவை; ஆகையால் பூஞ்சையென்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டு காலங்கடத்துதல் ஆபத்து. சிறுநீர்ப்பாதைத் தொற்றும் எரிச்சலைத் தரும்; அதையும் பேறுகாலத்தில் அலட்சியம் செய்யலாகாது.

இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ, கொப்புளமோ புண்ணோ தோன்றினாலோ, தண்ணீர் போல் திடீரென்று கசிந்து உடை நனைந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்க வேண்டா. பனிக்குடத்து நீரை வெள்ளைப்படுதலென்று நினைத்து இரண்டு நாள் வீட்டிலிருந்த பெண்களைக் கன்னியர் பார்த்திருக்கிறார். 108-க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுதல் வேண்டும்.

மருத்துவர் செய்யும் சோதனையும் பயப்படத்தக்கதன்று. பஞ்சு சுற்றிய குச்சியால் சிறிது நீரை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு இரசாயனம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் ஈஸ்ட்டின் மொட்டுகளும் இழைகளும் தெரியும். சில நிமிட வேலை. சிசுவுக்கு இதனால் யாதொரு தீங்கும் இல்லை.

மண்ணில் கிடைத்த மருந்து

இன்று ஏழு நாளில் தீரும் இந்நோய்க்கு, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உருப்படியான மருந்து கிடையாது. நம் பாட்டிமார் காலத்தில் 'ஊதா மருந்து' என்று ஆஸ்பத்திரியில் தடவுவார்களே, அந்த ஜென்ஷியன் வயலட்தான் கதி. உடையெல்லாம் கறை, தோலெல்லாம் எரிச்சல். இந்நிலையை மாற்றியவர்கள் இரண்டு பெண்கள். நியூயார்க் நகரில் எலிசபெத் ஹேசன். நூற்றைம்பது மைலுக்கு அப்பால் ஆல்பனியில் ரேச்சல் பிரவுன். இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள். ஹேசன் பல இடங்களிலிருந்தும் மண்ணைத் திரட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையைக் கொல்பவற்றைக் கண்ணாடிச் சாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். இப்படிச் சாடிகள் போய் வந்ததில், வர்ஜீனியா மாநிலத்தில் நண்பர் ஒருவரின் பால்பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரே வெற்றி தந்தது. 1950-இல் உலகுக்கு அறிவித்தனர். தங்கள் மாநிலத்தின் பெயரையே சுருக்கி 'நிஸ்டாட்டின்' என்று பெயரிட்டனர். அம்மருந்தால் வந்த ஒரு கோடியே முப்பது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட உரிமைத்தொகையில் ஒரு காசும் தங்களுக்கென வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டனர். இவர்களைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு பாடம் வைக்கலாம்.

இன்று மருத்துவர்கள் பேறுகாலத்தில் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது குளோட்ரிமசோல் என்னும் மருந்து. உறுப்பினுள் வைக்கும் மாத்திரையாகவோ களிம்பாகவோ ஏழு இரவுகள். இங்கே மூன்று செய்திகளைத் தாய்மார் நினைவில் வைக்க வேண்டுகிறோம். மூன்றாம் நாளே அரிப்பு அடங்கிவிடும், உடனே நிறுத்திவிடுவர். அது கூடாது, ஏழு நாளும் வைத்தல் வேண்டும். இரண்டாவது, இது விழுங்கும் மாத்திரையன்று. சிரிக்க வேண்டா, விழுங்கியவர்கள் உண்டு. மூன்றாவது, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, படுக்கப் போகும் வேளையில் விரலால் மெதுவாக வைக்க வேண்டும். பெட்டியில் உள்ள குழல் கருவியைப் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்க. ஏழு நாளுக்குப் பின்னும் தீரவில்லையென்றால் அதே சீட்டைக் காட்டி மீண்டும் வாங்காமல், மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும்.

இனி, மாதா படத்தின் பின்னால் இருந்த கட்டுக்கு வருவோம். அதனுள் இருந்தவற்றில் ஒன்று ஃபுளூகோனசோல் மாத்திரை. கருவுறாத பெண்களுக்கு ஒரே மாத்திரையில் குணம் தருவதால் புகழ் பெற்றது. ஆனால் டென்மார்க் நாட்டில் 1997 முதல் 2013 வரை பதிவான ஏறத்தாழ 14 இலட்சம் பேறுகாலங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இம்மாத்திரையை உண்டவர்களிடையே கருச்சிதைவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டதென்று கூறிற்று. ஆகவே பேறுகாலத்தில் உள்ளே விழுங்கும் மருந்தைத் தவிர்த்து, மேலே இடும் மருந்தையே தருவது மருத்துவ முறை. அறியாமல் ஒரு மாத்திரை விழுங்கிவிட்ட தாய்மார் இதைப் படித்து நெஞ்சடைத்துப் போக வேண்டா. அப்படி உண்டவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குப் பிள்ளை நலமாகவே பிறந்திருக்கிறது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டால் போதும்.

கணவனின் படர்தாமரைக் களிம்பும் அப்படியே. கடைகளில் தாராளமாகப் புழங்கும் இத்தகைய களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வலிமைமிக்க ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். அவள் நான்கு நாள் பெற்ற சுகமும் ஐந்தாம் நாள் பட்ட பாடும் அதனால்தான். ஸ்டீராய்டு களிம்புகள் 14-ஐ மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆணை இருக்கிறது, களிம்பும் அலமாரியில் இருக்கிறது.

சர்க்கரை சொல்லும் செய்தி

அந்தப் பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது மருத்துவர் நோயைச் சில நிமிடங்களில் கண்டுகொண்டார். ஆனால் அத்துடன் விடவில்லை. அட்டையைப் புரட்டி, சர்க்கரைச் சோதனைக்கு அவள் வரவில்லை என்பதைக் கவனித்தார். அன்றே குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தனர். 168 என்று வந்தது. 140-ஐ எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு.

மூன்று வார அரிப்பைவிடப் பெரிய செய்தி இதுதான். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈஸ்ட்டுக்கு விருந்து; ஆகவே பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருமாயின் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். இச்சோதனை முறைக்கே நம் சென்னைதான் பிறப்பிடம். மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடன் பணியாற்றியோரும் இதை வகுத்தனர். கருவுற்ற பெண் காலையில் உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் தந்தால் போதும். பட்டினி கிடந்து வெகுதூரம் பஸ்ஸில் வரும் ஏழைப் பெண்ணை மனத்தில் வைத்து அமைத்த முறை அது. அவர்கள் தமிழகத்தில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கிராமப்புறத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்நீரிழிவு இருந்தது. சென்னை நகரிலோ 17.8 பேருக்கு! 2007-இலேயே தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையை ஏற்பாடு செய்துவிட்டது. "எனக்குச் சர்க்கரை இல்லை, எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது" என்று சோதனையைத் தட்டிக்கழிக்கும் சகோதரிகள் இந்த 17.8-ஐ ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். கவனியாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கும், பிரசவம் கடினமாகும், பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

அவளுக்கு ஊசி தேவைப்படவில்லை. சோற்றைக் குறைத்து, சுண்டலும் காயும் மீனும் கூட்டி, மாலையில் கோயில் வளாகத்தைச் சுற்றி நடந்தே சரியாயிற்று. இளநீரையும் அளவோடு நிறுத்திக்கொண்டாள். மாமியார்க்கு அதில் சிறிது மனத்தாங்கல்.

ஈரமும் இடமும்

வராமல் தடுக்க முழு உறுதியான வழியொன்றில்லை; குறைக்க வழி உண்டு. புத்தகங்கள், பருத்தி உள்ளாடை அணிக, இறுக்கமின்றி உடுத்துக, ஈர உடையை உடனே மாற்றுக என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றன. காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுத்து, ஐஸ் நீர் சொட்டும் கூடையோடு நாள் முழுவதும் நனைந்த சேலையில் அமர்ந்திருக்கும் பெண் எங்கே போய் உடை மாற்றுவாள்? திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நைலான் சீருடையில் எட்டு மணி நேரம் நிற்பவள் என்ன செய்வாள்? கழிப்பறை சரியில்லையென்று தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கும் பெண்களையும் நாம் அறிவோம். ஆகையால் இயன்றதைச் சொல்லுகிறோம். மாற்றுடை ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். நடுப்பகலில் ஒருமுறையாவது மாற்றுங்கள். இரவில் உள்ளாடையின்றி மெல்லிய பருத்தி உடையோடு உறங்கலாம். வெள்ளைக்காக நாள் முழுதும் நாப்கின் வைத்திருப்பது ஈரத்தைத்தான் சேர்த்து வைக்கும்.

இன்னொன்று. உள்ளாடைகளைப் பிறர் கண்ணில் படாமல் சேலைக்கும் துண்டுக்கும் அடியில் மறைத்து உலர்த்துவது நம் வீட்டு வழக்கம். ஒற்றை அறை வீட்டில், கடற்காற்றின் ஈரத்தில், அவை மூன்று நாளானாலும் காய்வதில்லை. அரையீரத்தோடே மறுபடி உடுத்துகின்றனர். வெயிலில் போடுங்கள். பார்ப்பவர் பார்க்கட்டும், எல்லார் வீட்டிலும் இருப்பவைதாமே. மாடிக்கொடியில் ஒரு மூலையை மருமகளுக்கு ஒதுக்கித் தர மாமியார்க்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கழுவுதல் வெளிப்புறத்தை மட்டும், வெறும் தண்ணீரால். உள்ளே நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும், வாசனைச் சோப்பும், கிருமிநாசினியும், பவுடரும் காவலிருக்கும் நல்ல உயிர்களைக் கொன்றுவிடும்; ஈஸ்ட்டுக்கு இடம் காலியாகும். மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் வேண்டும். வேப்பிலைக் கொழுந்து, மஞ்சள், பூண்டு, தயிர் இவற்றை உள்ளே வைக்குமாறு சொல்வோர் பேச்சைக் கேட்க வேண்டா. தயிரைச் சோற்றில் பிசைந்து உண்பது நல்லது, மருந்தாகாது. சளிக்கோ பல்வலிக்கோ ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தாமாக வாங்கி உண்பதும் இத்தொற்றுக்கு வழி திறக்கும்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள பெண்ணை இதை எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொண்டோம். பன்னிரண்டு ஆண்டுகள், கைப்பொருள் எல்லாம் மருத்துவர்களுக்குப் போயிற்று, கூட்டத்தில் ஒளிந்து பின்புறமாக வந்து ஆடையைத் தொடுகிறாள். ஆண்டவர் அவளை அப்படியே போகவிட்டிருக்கலாம். நின்று, அவள் எல்லார் முன்பும் உண்மை முழுவதையும் சொல்லக் கேட்கிறார். பின்னர் மகளே என்று அழைக்கிறார். திருமண ஆயத்த வகுப்பில் இப்பகுதியை வாசிக்கும்போது, அவளுக்கு இருந்த நோய் இன்னதென்று இப்போதெல்லாம் நாம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். முதலில் மணமகன்மார் தலை குனிந்தார்கள். இப்போது கேள்வி கேட்கிறார்கள்.

குழந்தையைப் பற்றியும் ஒரு சொல். பிரசவ வேளையில் தாய்க்கு இத்தொற்று இருந்தால் பிள்ளையின் வாயில் சில நாளில் வெண்படலம் தோன்றலாம். பால் ஒட்டியது போலிருக்கும். துடைத்தால் எளிதில் போகாது. பயப்பட ஒன்றுமில்லை. தேனும் கிளிசரினும் தடவுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டினால் சொட்டு மருந்து தருவார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. முலைக்காம்பில் எரிச்சலோ வெடிப்போ இருந்தால் தாயும் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பதியர்க்கு ஒன்பதாம் மாத முடிவில் பெண்குழந்தை, மூன்று கிலோ. ஞானஸ்நானத்திற்குக் கொண்டுவந்த அன்று, கிணற்றடியில் பாட்டியும் ஞானத்தாயும் சொந்தபந்தமும் சூழ நிற்க, நாம் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரையக் குனிந்தோம். அது வாயைத் திறந்து அழுதது. நாவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தாய் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "பூஞ்சைதான் சாமி. சொட்டு மருந்து போடறோம், நாலு நாள்ல சரியாயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."